காரைக்குடி சிக்ரி இத்தனை வருஷத்தில் என்னதான் செய்தது?

செக்காலைக்காரன்:
ஊர்க்காரன் என்ற உரிமையில் நேரடியாகவே கேட்கிறேன். சிக்ரி என்றால் எங்கள் ஊரில் இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இந்த மூன்றையும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, அதற்கு அப்புறம்? எழுபது வருஷம் தாண்டிவிட்டது. உள்ளே என்ன செய்கிறார்கள், அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால் பாதிப் பேர் "ஏதோ பேட்டரி" என்கிறார்கள், மீதிப் பேர் "உள்ளே நல்ல நிழல் இருக்கும்" என்கிறார்கள். மின்வேதியியலுக்கென்றே, அதாவது மின்சாரமும் வேதிவினையும் சேர்கிற துறைக்கென்றே, நாட்டில் தனியாக ஒரு ஆய்வகம், அதுவும் நம் வறண்ட சீமையில். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். வாட்ஸப்பில் சுற்றுகிற பெருமைப் பட்டியல் மட்டும் வேண்டாம், அது என்னிடமே நாலு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
நானும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். 1942-ல் ஆரம்பித்த சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகம்) அமைப்பின் கீழ் 37 ஆய்வகங்கள் இருக்கின்றன, எல்லாம் நம் வரிப்பணம். சிக்ரி பற்றிப் பெரிதாக வந்த செய்தி எது என்று யோசித்துப் பாருங்கள். 2018 ஜூனில் ராசி சோலார் என்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள், இந்தியாவின் முதல் உள்நாட்டு லித்தியம் அயான் பேட்டரித் தொழில்நுட்பம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வரும் என்றெல்லாம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை நம் ரோட்டில் ஓடுகிற மின்சார ஸ்கூட்டருக்குள் இருக்கிற செல் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? சீனாவில் இருந்து. வேறென்ன சொல்ல?

பழைய_மின்முனை:
கணக்குப்பிள்ளை, பேட்டரியை விட்டால் மின்வேதியியலே இல்லை என்று நினைத்துவிட்டீர்கள் போல. நான் காஸ்டிக் சோடா ஆலையில் முழு சர்வீஸும் பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின் வரும், மறுபக்கம் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் கிடைக்கும். சாகுபுரம், மேட்டூர் எல்லாம் இந்தத் தொழில்தான். நீங்கள் போடுகிற சோப்பு, எழுதுகிற காகிதம், குடிக்கிற குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரின், எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இங்கேதான். இந்தத் தொழிலில் மூலப்பொருளை விட மின்சாரச் செலவுதான் ஆளைக் கொல்லும். அந்தக் காலத்தில் நேர்மின்முனை கிராஃபைட்டில் இருக்கும். குளோரின் வெளியேறும்போது கிராஃபைட் தேயும், தேயத் தேய இரண்டு மின்முனைகளுக்கும் நடுவில் இடைவெளி கூடும், இடைவெளி கூடினால் வோல்டேஜ் ஏறும், அப்புறம் அதே டன் காஸ்டிக்குக்கு அதிக யூனிட் எரியும். இடைவெளியைத் திரும்பத் திரும்பச் சரி செய்ய வேண்டும், தேய்ந்த கட்டையை மாற்ற வேண்டும், கரைசலில் கரித்தூள் வேறு கலக்கும். அந்த செல் ஹவுஸில் வெயில் காலத்தில் நின்றவனுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும்.

இதற்கு மாற்று, டைட்டேனியத்தின் மேல் ருத்தீனியம் ஆக்சைடு கலந்த பூச்சுப் போட்ட மின்முனை. தேயாது, அதனால் அளவு மாறாது, வோல்டேஜும் குறைவு. கண்டுபிடித்தது நாம் இல்லை, ஹென்றி பீர் என்பவர் 1960-களில் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கினார். வெளிநாட்டில் வாங்கினால் அவன் சொன்னதுதான் விலை. சிக்ரி அதே வகை மின்முனையை இங்கேயே சொந்தமாக உருவாக்கித் தொழிலுக்குக் கொடுத்தது. எங்கள் வட்டாரத்தில் அதன் பெயரே டி.எஸ்.ஐ.ஏ. (டைட்டேனியத்தின் மேல் செய்த கரையாத நேர்மின்முனை) தான். ஒரு பத்திரிகையிலும் தலைப்புச் செய்தியாக வரவில்லை, வரவும் வராது. கரன்ட் பில் குறைந்ததை எவன் செய்தியாகப் போடுவான்?

கணக்குப்பிள்ளை:
நல்ல தகவல் ஐயா, உண்மையிலேயே தெரியாது. ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள், வெளியே ஏற்கெனவே இருந்ததை இங்கே செய்தார்கள் என்று. இறக்குமதிக்கு மாற்று செய்வது மட்டும்தான் ஒரு தேசிய ஆய்வகத்தின் வேலையா?

பழைய_மின்முனை:
1970-களில் டாலர் கையிருப்பு இருந்த லட்சணத்துக்கு அதுதான் பெரிய வேலை தம்பி. இறக்குமதி லைசென்ஸ் வாங்க டெல்லிக்கு நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். புதிதாக எதுவும் செய்யவில்லை என்றும் இல்லை. உடுப்பா இயக்குநராக இருந்த காலத்தில் சுழலும் எதிர்மின்முனையை வைத்துக் கரிம வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் வேலை நிறைய நடந்தது. அந்தத் துறையில் அது நன்றாகத் தெரிந்த பெயர்.

உப்புக்காற்று:
நான் சிவில். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரையில் பாலம், ஜெட்டி என்று வேலை பார்க்கிறேன். என்னைக் கேட்டால் சிக்ரியின் ஆகப் பெரிய சொத்து காரைக்குடியில் இல்லை, மண்டபத்தில் இருக்கிறது. பேட்டரியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

மண்டபத்தில் அவர்களுக்குக் கடல் அரிப்பு ஆய்வு நிலையம் இருக்கிறது. வேலை பார்க்க ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். இரும்பு, துத்தநாகம், அலுமினியம் என்று சின்னச் சின்னத் தகடுகளை எடை போட்டு, கடலைப் பார்த்த மாதிரி சட்டத்தில் மாட்டி வைப்பார்கள். சிலவற்றைக் கடலுக்குள்ளும் இறக்குவார்கள். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கிடக்கும். அப்புறம் எடுத்துத் துருவைச் சுத்தம் செய்து மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடையில் இருந்து, அந்த இடத்தில் அந்த உலோகம் வருஷத்துக்கு எவ்வளவு தின்னப்படுகிறது என்று கணக்கு வரும். இதையே நாடு முழுக்கப் பல ஊர்களில் செய்துதான் இந்தியாவின் அரிப்பு வரைபடம் ஒன்றைத் தயாரித்தார்கள். எந்த ஊரில் கோபுரம் கட்டினால் எந்தக் கனத்துக்குத் துத்தநாகப் பூச்சு போட வேண்டும் என்று முடிவு செய்கிறவனுக்கு அந்த வரைபடம் எப்படிப்பட்ட பொருள் என்று யோசியுங்கள்.

கடலுக்குள் முழுசாக மூழ்கிய இரும்பு சீக்கிரம் போகும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். இல்லை. அலை தெறிக்கிற உயரம் இருக்கிறதே, நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து கிடக்கிற இடம், அங்கேதான் இரும்பு வேகமாகப் போகும், உப்பும் ஈரமும் ஆக்சிஜனும் மூன்றும் அங்கேதான் தாராளமாகக் கிடைக்கிறது. ஜெட்டித் தூண்களை இறங்கிப் பார்த்தால் அந்த ஒரு பட்டையில் மட்டும் சதை கழன்ற மாதிரி இருக்கும்.

பாம்பனை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-ல் திறந்த ரயில் பாலம், 1964 புயலில் பலமாகச் சேதமாகி, பழுது பார்க்கப்பட்டு, 2022 டிசம்பரில் ரயில் நிற்கும்வரை ஓடியது. அதை விரட்டிய எதிரி புயல் இல்லை, துருதான். பக்கத்தில் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்சேன் பெயின்ட் என்று போட்டிருக்கிறார்கள் என்றால், அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று பல வருஷமாக யாரோ அளந்து எழுதி வைத்தது பின்னால் இருக்கிறது. ஒரே நாளில் வராது அந்த அறிவு. தனியார் கம்பெனி எதுவும் இருபது வருஷம் தகட்டைத் தொங்கவிட்டு எடை போட்டுக்கொண்டிருக்காது, அடுத்த காலாண்டுக்குள் லாபம் எங்கே என்று கேட்பான்.

செக்காலைக்காரன்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். மண்டபத்தில் அப்படி ஒன்று இருப்பதே ராமேஸ்வரம் போய் வருகிற எனக்குத் தெரியாது.

கணக்குப்பிள்ளை:
உப்புக்காற்று சார் சொல்வது நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பேட்டரிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நைசாக நகர்ந்துவிட்டீர்கள்.

டெசிகேட்டர்:
நான் சொல்கிறேன் அண்ணா. நான் சிக்ரி இல்லை, வேறொரு ஆய்வகத்தில் பேட்டரியில் பி.எச்டி. செய்கிறேன், பெயர் வேண்டாம்.

2018-ல் கொடுத்தது பொய் இல்லை. சிக்ரி குழுவோடு டெல்லி என்.பி.எல்., கொல்கத்தா சி.ஜி.சி.ஆர்.ஐ., ஹைதராபாத் ஐ.ஐ.சி.டி. ஆகிய மூன்று சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களும் சேர்ந்து செய்த வேலை அது. சென்னையில் செல் தயாரிக்கிற சின்ன அளவு வசதியும் வைத்திருக்கிறார்கள். அதே மாதத்தில் இஸ்ரோவும் தன் லித்தியம் அயான் செல் தொழில்நுட்பத்தை ஒரு கோடி ரூபாய்க்கு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? ஆக செல் செய்யத் தெரியாமல் நாம் நிற்கவில்லை. தெரிந்ததை லட்சக்கணக்கில், ஒரே மாதிரி, சீனாவை விட மலிவாகச் செய்ய முடியாமல்தான் நிற்கிறோம். அது வேறு பிரச்சினை.

ஏன் என்றால், ஆய்வகத்தில் நான் ஒரு காயின் செல் செய்வேன், பட்டன் அளவு இருக்கும், பத்தில் மூன்று சொதப்பினாலும் மீதி ஏழை வைத்துக் கட்டுரை எழுதிவிடலாம். ஆலையில் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற தாமிரத் தகட்டிலும் அலுமினியத் தகட்டிலும் மின்முனைப் பொருளைக் கூழாகத் தடவ வேண்டும், தடிமன் சில மைக்ரான் கூடக் குறைய இருந்தால் அந்தச் சுருள் முழுக்கக் குப்பை. காற்றில் ஈரம் இருக்கவே கூடாது, பனிநிலை (காற்றில் உள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே வைத்த உலர் அறை வேண்டும், நம் ஊர் ஐப்பசி மாதத்தில் அந்த அறையை ஓட்டுகிற மின்சாரச் செலவை நினைத்தாலே தலை சுற்றும். எந்திரம் வெளியில் இருந்து, கேத்தோடு (ஒரு பக்க மின்முனை) பொடி வெளியில் இருந்து, இரண்டு மின்முனைகளையும் ஒட்டாமல் பிரிக்கிற செபரேட்டர் படலம் வெளியில் இருந்து. 1991-ல் சோனி முதல் லித்தியம் அயான் பேட்டரியை விற்றபோது நாம் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியிலும் இல்லை. 2021-ல்தான் பேட்டரி செல் உற்பத்திக்கு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. முப்பது வருஷம் தூங்கிவிட்டு ஒரு ஆய்வகத்தைப் பிடித்து ஏன் பேட்டரி வரவில்லை என்றால் எப்படி?

அப்புறம் பணம். 2020-21-ல் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். தென்கொரியாவில் அது 5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நம்மிடம் அரசு கொடுப்பதுதான் பெரும்பங்கு, அங்கே கம்பெனிகள் கொடுப்பது பெரும்பங்கு. திட்ட வேண்டும் என்றால் நம் கம்பெனி முதலாளிகளையும் சேர்த்துத் திட்டுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலாளியைத் திட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை :) ஆனால் ஆய்வகத்துக்குள் குறையே இல்லையா? எல்லாம் வெளியே இருக்கிறவன் தப்பா?

டெசிகேட்டர்:
குறை இல்லாமலா? பொருள் வாங்குகிற கதையை எழுதினால் தனி இழை வேண்டும். எங்கள் இடத்தில் பேட்டரிக்குள் போடுகிற உப்பை ஒரு குறிப்பிட்ட தூய்மையில் கேட்டால் ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையதளத்தில் விலை குறைவாகச் சொன்னவனிடம்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வந்த பொருளைப் போட்டால் செல் பத்துத் தடவை சார்ஜ் ஏற்றி இறக்குவதற்குள் செத்துவிடும், மறுபடி டெண்டர். 2025 ஜூனில்தான் ஆராய்ச்சிக் கருவிகளையும் பொருள்களையும் ஜெமுக்கு வெளியே வாங்க இயக்குநர்களுக்கே அதிகாரம் கொடுத்தார்கள், வரம்பையும் உயர்த்தினார்கள். இத்தனை வருஷம் எடுத்தது அதற்கு.

உதவித்தொகை இன்னொரு தலைவலி. 2023 ஜனவரியில் இருந்து ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) மாத உதவித்தொகை 31,000-ல் இருந்து 37,000 ஆனது, எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) 35,000-ல் இருந்து 42,000. தொகை பரவாயில்லை. மாதா மாதம் வந்தால் பரவாயில்லை என்று சேர்த்துப் படிக்கவும். நாலு மாதம் வராமல் திடீரென்று மொத்தமாக வரும், அதற்குள் ஹாஸ்டல் மெஸ் பாக்கிக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் வேறு, "மத்திய அரசு வேலைதானே, அப்புறம் எதற்குக் காசு கேட்கிறாய்" என்பார்கள்.

பிளஸ்டூ_அப்பா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பையன் பிளஸ்டூ. சிக்ரியிலேயே பி.டெக். இருக்கிறதாமே, வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் என்று. சேர்க்கலாமா? கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்காவிட்டால் வேலை கிடைக்காது என்று மைத்துனர் பயமுறுத்துகிறார்.

டெசிகேட்டர்:
இருக்கிறது சார், அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் நடக்கிறது. ஆய்வகத்துக்குள்ளேயே படிப்பதால் மற்ற கல்லூரியில் படத்தில் பார்க்கிற கருவியை அங்கே கையால் தொடலாம். ஆனால் பையனுக்கு வேதியியல் பிடிக்குமா என்று முதலில் அவனைக் கேளுங்கள். பிடிக்காதவன் வந்தால் நாலு வருஷம் நரகம். பெரிய காலேஜ் மாதிரி ஆட்டம் பாட்டம் எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

செக்காலைக்காரன்:
காரைக்குடியில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் பல்லவன் ரயில் இருக்கிறது. மைத்துனர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

தொண்டிக்காரர்:
உப்புக்காற்று சார், நீங்கள் துருவைப் பற்றி எழுதியதைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. கடலில் இருந்து கொஞ்ச தூரத்தில் வீடு கட்டப் போகிறேன். அப்பா கட்டிய பழைய வீட்டில் பதினைந்து வருஷத்திலேயே மாடித் தளம் கீழே பெயர்ந்து விழ ஆரம்பித்துவிட்டது, கம்பி வெளியே தெரிகிறது. சிக்ரியில் கம்பிக்குப் பூச்சு ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்களாமே, அதை அடித்தால் போதுமா? கான்ட்ராக்டர் எபாக்சிக் கம்பி (பிசின் பூச்சுப் போட்டு வருகிற கம்பி) போடலாம் என்கிறார்.

உப்புக்காற்று:
பாய், பூச்சு கடைசி. முதலில் ஏன் பெயர்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம். நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம், பி.எச். 12.5-க்கு மேலே இருக்கும், அந்தச் சூழலில் கம்பியின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகி அதைக் காப்பாற்றும். உப்பில் இருக்கிற குளோரைடு உள்ளே போய்ச் சேர்ந்தால் அந்தப் படலத்தை உடைத்துவிடும். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், உள்ளேயே வீங்கும், அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. இதெல்லாமே மின்வேதியியல்தான், கம்பியின் ஒரு இடம் நேர்மின்முனை, இன்னொரு இடம் எதிர்மின்முனை, நடுவில் ஈரம். உங்கள் அப்பா வீட்டு மாடி ஒரு பெரிய பேட்டரி, கணக்குப்பிள்ளை கேட்ட உள்நாட்டுப் பேட்டரி.

குளோரைடு இரண்டு வழியில் வரும். காற்றில் இருந்து மெதுவாக வருவது ஒன்று. நாமே கலவையில் போட்டு அனுப்புவது இன்னொன்று. நம் பக்கம் முக்கால்வாசி வீடு கெடுவது இரண்டாவதால்தான், இது என் அனுபவத்தில் சொல்வது. உப்புப் போர்த் தண்ணீரில் கலவை போடுவார்கள், கடற்கரை மணலைக் கலப்பார்கள், அதே தண்ணீரை மேலே ஊற்றி நனைப்பார்கள். ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிப்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பரிசோதனைக்கு ஆகிற காசு ஒரு மூட்டை சிமென்ட் விலையைப் பெரிதாகத் தாண்டாது, அதை மட்டும் யாரும் செய்ய மாட்டார்கள், ஆனால் வாசல் கேட்டுக்கு லட்சக்கணக்கில் செலவு செய்வார்கள்.

அடுத்து கவர், அதாவது கம்பியை வெளியே மூடி நிற்கிற கான்கிரீட்டின் கனம். கடலோரக் காற்றில் நேராக நிற்கிற வீட்டுக்கு அதே விதிப்படி எம் 30 தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர். அலைத் துளி தெறிக்கிற தூரம் என்றால் எம் 35, 50 மில்லிமீட்டர். நம் மேஸ்திரி கம்பிக்குக் கீழே உடைந்த ஜல்லியை வைத்துவிட்டுக் கவர் வைத்தாச்சு என்பார். கவர் பிளாக் வாங்கிக் கொடுத்து நீங்களே நின்று எண்ணுங்கள்.

பூச்சுக்கு வருகிறேன். சிக்ரி உருவாக்கியது சிமென்ட்டும் பாலிமரும் கலந்த பூச்சு, அதற்கு முன்னால் துருத்தடுப்பான் கலந்த சிமென்ட் குழம்பு முறையும் அவர்களுடையதுதான். சிமென்ட் சார்ந்தது என்பதால் கான்கிரீட்டோடு ஒத்துப்போகும், சைட்டிலேயே அடிக்கலாம். எபாக்சி நல்லதுதான், ஆனால் ஆலையில் போட்டு வர வேண்டும், வளைக்கும்போதும் இழுத்துப் போடும்போதும் கீறல் விழுந்தால் துரு முழுக்க அந்தக் கீறலிலேயே குவியும். நம் சைட்டில் கம்பியைக் கீறாமல் கட்டுகிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. எதைப் போட்டாலும் தண்ணீர் உப்பாக இருந்தால் பிரயோஜனம் இல்லை.

தொண்டிக்காரர்:
ரொம்ப நன்றி சார். எங்கள் போரில் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, அப்போ டேங்கர்தான்.

உப்புக்காற்று:
டேங்கர் தண்ணீரையும் டெஸ்ட் செய்யுங்கள். அவனும் எங்கேயோ ஒரு போரில் இருந்துதான் எடுத்து வருகிறான்.

கணக்குப்பிள்ளை:
சரி, நான் என் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். உப்புக்காற்று சார் இப்போது எழுதியதைத் தமிழில் ஒரு நாலு பக்கக் கையேடாக அடித்து, தொண்டியில் இருந்து தூத்துக்குடி வரை ஒவ்வொரு சிமென்ட் கடையிலும் வைத்திருந்தால் எத்தனை வீடு தப்பித்திருக்கும்? அறிவு எல்லாம் ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரையாக இருக்கிறது, கொத்தனாருக்கு ஒன்றும் போகவில்லை. பேட்டரி செய்யச் சீனாவோடு போட்டி போட வேண்டும், கையேடு போட யாரோடு போட்டி? இதற்கு 0.64 சதவீதத்தைக் காரணம் சொல்ல முடியாது.

பழைய_மின்முனை:
இந்த அடி சரியான இடத்தில் விழுகிறது.

டெசிகேட்டர்:
இதில் நான் வாதாட மாட்டேன். கையேடு எழுதினால் பதவி உயர்வுக்கு மதிப்பெண் கிடையாது, கட்டுரை எழுதினால் உண்டு. அவ்வளவுதான் காரணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 2017-ல் இருந்து ஜிக்யாசா என்று ஒரு திட்டம் இருக்கிறது, ஆய்வகங்களுக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். கொத்தனாருக்கு அந்த மாதிரி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

செக்காலைக்காரன்:
கேட்ட கேள்விக்கு மேலேயே கிடைத்துவிட்டது. உப்புக்காற்று சார், அந்தக் கையேட்டை நாமே எழுதினால் என்ன? நீங்கள் விஷயத்தைக் கொடுங்கள், நான் எங்கள் ஊர் அச்சகத்தில் பேசுகிறேன். எழுதி முடித்ததும் சிக்ரியில் அரிப்புப் பிரிவில் யாரிடமாவது காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம், வாசல் எனக்குப் பக்கம்தான். செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள், அதையொட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவார்களா என்று விசாரித்து வைக்கிறேன்.

உப்புக்காற்று:
எழுதலாம். நாலு பக்கம் வேண்டாம், கடைக்காரர் சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒரே பக்கம் போதும், படத்தோடு. தண்ணீர், மணல், கவர், நனைப்பு, இந்த நாலுதான். வரைகிறவர் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.

தொண்டிக்காரர்:
என் தங்கச்சி மகன் நன்றாக வரைவான். அப்பா வீட்டு மாடியைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், மாதிரிக்கு அதையே வரையச் சொல்லலாம்.

கணக்குப்பிள்ளை:
அச்சுச் செலவில் பாதி என்னுடையது. ரசீது வேண்டும்.